பள்ளி உணவில் செயற்கை நிறங்களுக்குத் தடை: பிறந்தநாள் கேக்குக்கும் சேர்த்தா?

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா, கலிஃபோர்னியா, வர்ஜீனியா, அரிசோனா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாநிலங்கள் பள்ளி உணவில் செயற்கை நிறமிகளுக்குத் தடை கொண்டுவந்திருக்கின்றன. இந்தச் செய்தி பரவும்போது கூடவே இன்னொரு பேச்சும் ஒட்டிக்கொள்கிறது: "இனிமேல் பிறந்தநாளுக்கு வகுப்பில் எதுவும் கொடுக்கக் கூடாதாம்." பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டும் ஒரே சட்டம் போலவே பேசப்படுகின்றன. உண்மையில் இவை வேறு வேறு விதிகள். இயற்றுபவர் வேறு, காரணம் வேறு, தடுக்க நினைக்கும் ஆபத்தும் வேறு. ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொண்டால், எதை ஆதரிக்கிறோம், எதன்மேல் கோபப்படுகிறோம் என்பதே தெரியாமல் போகும்.

## மூன்று வகை உணவு, மூன்று வகை அதிகாரம்

ஒரு பள்ளி நாளில் பிள்ளையின் வாய்க்குப் போகும் உணவை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. பள்ளி தருவதும் விற்பதும். காலை உணவு, மதிய உணவு, கேன்டீன், தானியங்கி விற்பனை இயந்திரம். புதிய மாநிலச் சட்டங்கள் குறிவைப்பது இதைத்தான்.
2. வீட்டிலிருந்து வந்து வகுப்பில் பகிரப்படுவது. பிறந்தநாள் கப்கேக், ஹாலோவீன் மிட்டாய், பண்டிகைப் பலகாரம். இதற்கான விதியைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமோ (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), அந்தப் பள்ளியோ எழுதுகிறது.
3. உங்கள் பிள்ளைக்கு மட்டும் நீங்கள் கட்டிக்கொடுப்பது. நிறமிச் சட்டங்கள் டிபன் பாக்ஸைத் தொடுவதில்லை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் பள்ளி ஏதாவது கட்டுப்பாடு வைக்கலாம். அதற்கும் நிறமிக்கும் சம்பந்தம் இல்லை.

"பள்ளியில் தடை" என்று தலைப்பு பார்த்தால், முதலில் இந்த மூன்றில் எதைப் பற்றிய தடை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## சேர்க்கைப் பொருள்: அடிப்படை

உணவில் நிறம், பதம், ஆயுள், சுவை ஆகியவற்றுக்காகச் சேர்க்கப்படுபவை சேர்க்கைப் பொருள்கள். உப்பு, வினிகரில் தொடங்கி ஆய்வகத்தில் செய்யப்படும் நிறமிவரை எல்லாம் இந்தக் குடையின்கீழ் வரும். ஆகவே "சேர்க்கைப் பொருள் எல்லாமே விஷம்" என்பது தவறு. "அரசு அனுமதித்துவிட்டது, அப்புறம் என்ன?" என்பதும் அதே அளவு தவறு.

அமெரிக்காவில் இரண்டு வழிகள் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டம் உணவுச் சேர்க்கைகளுக்கு முன்அனுமதி கேட்டது. ஆனால், "பொதுவாகப் பாதுகாப்பானது என்று வல்லுநர்கள் ஏற்றுக்கொண்டவை" என்ற வகைக்கு விலக்கு கொடுத்தது. காலப்போக்கில் அது பெரிய ஓட்டையாகிவிட்டது. தாமே வல்லுநர்களைக் கூட்டி, தம் பொருள் பாதுகாப்பானது என்று நிறுவனங்கள் முடிவுசெய்துகொள்ளலாம், எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

நிறமிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குப் பின்னால் ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஹாலோவீன் சமயத்தில் ஆரஞ்சு நிற மிட்டாய் சாப்பிட்ட குழந்தைகள் பலருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஆரஞ்சு எண் 1 என்ற, அன்று அனுமதி பெற்றிருந்த நிறமிதான் காரணம். அதைத் தொடர்ந்து நடந்த மறுஆய்வுகளின் முடிவில் 1960இல் நிறமிகளுக்கென்றே தனிச் சட்டத் திருத்தம் வந்தது. அதன்படி ஒவ்வொரு நிறமியும் அனுமதி பெற்றாக வேண்டும். செயற்கை நிறமி என்றால், தயாராகும் ஒவ்வொரு தொகுதியையும் எஃப்.டி.ஏ. சோதித்துச் சான்று தர வேண்டும். மஞ்சள், பீட்ரூட் போன்றவற்றுக்கு அனுமதி போதும், தொகுதிச் சான்று தேவையில்லை.

செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவை:

1. ரெட் 40 (அல்லூரா ரெட்), யெல்லோ 5 (டார்ட்ரசின்), யெல்லோ 6 (சன்செட் யெல்லோ). மூன்றும் 'அசோ' எனப்படும் வேதியியல் வகையைச் சேர்ந்த நிறமிகள். அமெரிக்காவில் பயன்படும் செயற்கை நிறமியில் பெரும்பங்கு இவைதான்.
2. புளூ 1, புளூ 2, கிரீன் 3.
3. ரெட் 3 (எரித்ரோசின்). இதன் கதை தனி, கீழே வருகிறது.

எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் மூலப்பொருள்களிலிருந்து செய்யப்படுபவை. அது ஒன்றே அவை தீங்கானவை என்பதற்குச் சான்றாகாது. பல மருந்துகளும் அதே வழியில்தான் தயாராகின்றன. கேட்க வேண்டிய கேள்வி, உடலுக்குள் போனபிறகு அவை என்ன செய்கின்றன என்பதுதான்.

## எங்கே, எப்போதிலிருந்து?

1. கலிஃபோர்னியா, 2023. அக்டோபரில் கையெழுத்தான சட்டம் புரோமின் ஏற்றிய தாவர எண்ணெய் (குளிர்பானங்களில் சேர்ப்பது), பொட்டாசியம் புரோமேட் (ரொட்டி மாவில் சேர்ப்பது), புரோபைல்பாராபென் (கெடாமல் காக்கச் சேர்ப்பது), ரெட் 3 ஆகிய நான்கையும் 2027 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடுக்கிறது. இது பள்ளிக்கான சட்டம் அல்ல, கடைகளுக்கும் சேர்த்துத்தான். முதல் வரைவில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமியும் இருந்ததால், அது சேர்ந்திருந்த ஸ்கிட்டில்ஸ் மிட்டாயின் பெயரால் ஊடகங்கள் இதை "ஸ்கிட்டில்ஸ் தடை" என்று அழைத்தன. அந்தப் பொருள் பின்னர் நீக்கப்பட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.
2. கலிஃபோர்னியா, 2024. செப்டம்பரில் வந்தது பள்ளிகளுக்கான சட்டம். ரெட் 40, யெல்லோ 5, யெல்லோ 6, புளூ 1, புளூ 2, கிரீன் 3 ஆகிய ஆறும் அரசுப் பள்ளிகளில் 2027 டிசம்பர் 31 முதல் இருக்கக் கூடாது. மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் படிப்பவர்கள் சுமார் 58 லட்சம்.
3. மேற்கு வர்ஜீனியா, 2025. மார்ச் மாதம் கையெழுத்தாகி, பள்ளிகளில் ஆகஸ்ட் 1 முதலே நடைமுறைக்கு வந்தது. மேற்சொன்ன ஆறோடு ரெட் 3யும் சேர்த்து ஏழு நிறமிகள். கடை விற்பனைக்கான தடைக்கு 2028 ஜனவரி 1 என்று சட்டத்தில் தேதி குறித்தார்கள். அதை எதிர்த்து நிறமித் தயாரிப்பாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது.
4. வர்ஜீனியா: ஏழு நிறமிகள், அரசுப் பள்ளிகளில், 2027 ஜூலை 1 முதல்.
5. அரிசோனா: 2026–27 கல்வியாண்டிலிருந்து 11 பொருள்கள். ஏழு நிறமிகளோடு பொட்டாசியம் புரோமேட், புரோபைல்பாராபென், டைட்டானியம் டையாக்சைடு, புரோமின் ஏற்றிய தாவர எண்ணெய்.

நாடு முழுவதற்குமான நடவடிக்கைகள் தனி. புரோமின் எண்ணெய்க்கான அனுமதியை எஃப்.டி.ஏ. 2024 ஜூலையில் ரத்து செய்தது. ரெட் 3க்கான அனுமதி 2025 ஜனவரியில் ரத்தானது. உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். மற்ற ஆறு நிறமிகளைப் படிப்படியாகக் கைவிடச் செய்வதாக 2025 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் அது நிறுவனங்களின் விருப்பத்தை நம்பிய ஏற்பாடு, சட்டத் தடை அல்ல. "அமெரிக்கா முழுக்கக் கலர் தடை" என்று வந்த செய்திகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டன.

விருப்பத்தை நம்புவதில் என்ன சிக்கல்? ஜெனரல் மில்ஸ் நிறுவனம் டிரிக்ஸ் என்ற காலை உணவுத் தானியத்திலிருந்து செயற்கை நிறங்களை 2016இல் எடுத்தது. "பழைய பளபளப்பு இல்லை" என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுக்க, 2017இல் பழைய நிறங்களோடும் ஒரு வகையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே நிறுவனம் 2025 ஜூனில், பள்ளிகளுக்கு விற்கும் உணவுகளிலிருந்து 2026 கோடைக்குள் இந்த நிறங்களை எடுத்துவிடுவதாக அறிவித்தது. இடையில் மாறியது என்ன? பள்ளிகள் வாங்க முடியாது என்று மாநிலங்கள் சட்டம் போட்டதுதான் பெரிய மாற்றம். கடைக்குப் போகும் பெற்றோர் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து ஏற்படுத்த முடியாத மாற்றத்தை, மொத்தமாக வாங்கும் பள்ளியால் ஏற்படுத்த முடிகிறது.

## அறிவியல் என்ன சொல்கிறது?

இங்கே நிதானம் தேவை. இரு தரப்பும் பேச்சை ஊதிப் பெரிதாக்குகின்றன.

நிறமிக்கும் குழந்தைகளின் நிலைகொள்ளாத சுறுசுறுப்புக்கும் தொடர்பு உண்டு என்று 1970களில் முதலில் உரக்கச் சொன்னவர் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒவ்வாமை மருத்துவர் பென் ஃபைன்கோல்ட். அவர் சொன்ன அளவுக்குப் பெரிய விளைவைப் பின்வந்த ஆய்வுகள் காணவில்லை. ஆனால் விளைவே இல்லை என்றும் அவை சொல்லவில்லை.

2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு வந்தது. 3 வயதுப் பிள்ளைகள் 153 பேர், 8–9 வயதுப் பிள்ளைகள் 144 பேர். சில வாரங்கள் நிறமிக் கலவையும், கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம், சில வாரங்கள் அவை இல்லாமல் அதேபோலத் தோன்றும் பானம். எது எப்போது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, கவனிப்பவர்களுக்கும் தெரியாது. நிறமி கலந்த பானம் குடித்த நாட்களில் சராசரியாகச் சுறுசுறுப்பு மிகையாக இருந்தது. கூடுதல் சிறியதுதான், ஒரு பிள்ளையிடம் நன்றாகத் தெரியும், பக்கத்துப் பிள்ளையிடம் ஒன்றுமே தெரியாது. பல பொருள்கள் சேர்ந்த கலவை என்பதால் எது காரணம் என்றும் பிரிக்க முடியவில்லை.

அந்த ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு இரண்டு அரசுகள் இரண்டு முடிவுக்கு வந்தன. அந்த ஆய்வில் இருந்த ஆறு நிறமிகளில் எதைச் சேர்த்தாலும் "குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்" என்று பொட்டலத்தில் எழுத வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலையிலிருந்து கட்டாயமாக்கியது. அந்த வரியைத் தம் பொருளில் அச்சிட விரும்பாத நிறுவனங்கள் நிறத்தை மாற்றின. ஒரே நிறுவனம் அங்கே பீட்ரூட்டும் மிளகாய்ச் சாறும், அமெரிக்காவில் ரெட் 40ம் சேர்த்து ஒரே பண்டத்தை விற்றது இப்படித்தான். அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. ஆலோசனைக் குழு 2011இல் கூடி, பொதுவாக எல்லாக் குழந்தைகளுக்கும் நிறமிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை என முடிவுசெய்தது. எச்சரிக்கை வரியும் வேண்டாம் என்றது.

மாநிலச் சட்டங்களுக்கு அடித்தளம் போட்டது 2021இல் கலிஃபோர்னியாவின் சுற்றுச்சூழல் சுகாதார ஆபத்து மதிப்பீட்டு அலுவலகம் வெளியிட்ட அறிக்கை. குழந்தைகளுக்கு நிறமி கொடுத்துப் பார்த்த 25 சோதனைகளில் 16இல் நடத்தையோடு ஏதோ ஒரு தொடர்புக்கான சான்று இருந்தது. 13இல் அது புள்ளியியல் அளவுகோலிலும் தேறியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல, சிலருக்கு இந்த நிறமிகள் நடத்தைச் சிக்கலை உண்டாக்கவோ கூட்டவோ செய்யலாம் என்பதே அறிக்கையின் முடிவு. யார் அந்தச் சிலர்? ஒவ்வாமையில் பங்குள்ள ஹிஸ்டமின் என்ற பொருளை உடலில் சிதைக்கும் மரபணுக்களில் உள்ள வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் உங்கள் பிள்ளை அந்தச் சிலரில் ஒருவரா என்று சொல்லும் பரிசோதனை எந்தக் குழந்தை மருத்துவரிடமும் இல்லை.

அதே அறிக்கையின் இன்னொரு குறிப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு நிறமிக்கும் 'ஏற்கத்தக்க தினசரி அளவு' என்று ஒன்று உண்டு. விலங்குகளிடம் தீங்கு தெரியாத உச்ச அளவை எடுத்து, வழக்கமாக 100ஆல் வகுத்து அதைக் கணக்கிடுவார்கள். ரெட் 40க்கு அது உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளுக்கு 140 மில்லிகிராம் வரும். கணக்கு கச்சிதமாகத் தெரிகிறது. ஆனால் அந்த அளவுகளுக்கு ஆதாரமான விலங்கு ஆய்வுகள் அறிக்கை வந்தபோதே 35 முதல் 70 ஆண்டுகள் பழையவை. கட்டி வருகிறதா, உறுப்பு கெடுகிறதா என்று பார்த்தவை அவை. நடத்தை மாறுகிறதா என்று பார்க்க அவற்றில் வழி இல்லை. பார்க்காத ஒன்றுக்கு "பாதுகாப்பான அளவு" என்று முத்திரை குத்த முடியாது.

ரெட் 3 விஷயத்தில் தர்க்கமே வேறு. மனிதரிடமோ விலங்கிடமோ புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்த எதற்கும் அனுமதி இல்லை என்பது 'டிலேனி விதி'. நிறமிகளுக்கு அது 1960 முதல் பொருந்துகிறது. ஆண் எலிகளின் தைராய்டில் ரெட் 3 கட்டி உண்டாக்கியது என்ற காரணத்தால் 1990இலேயே அழகுசாதனப் பொருள்களில் அதன் பயன்பாடு தடுக்கப்பட்டது. உணவில் மட்டும் இன்னும் 35 ஆண்டுகள் ஓடியது. உதட்டில் பூசக் கூடாதது வயிற்றுக்குள் போகலாம் என்ற நிலை அத்தனை காலம் நீடித்தது. எலியில் நடக்கும் அந்த வழிமுறை மனிதரிடம் நடப்பதில்லை என்று எஃப்.டி.ஏ.வே சொல்கிறது. ஆக, சட்டத்தின் எழுத்து கேட்டதால் வந்த தடை அது, மக்களிடம் புற்றுநோய் கண்டுபிடித்ததால் வந்தது அல்ல.

சரி, இவ்வளவு நிச்சயமின்மை இருக்கும்போது தடை நியாயமா? நியாயம் என்றே நான் நினைக்கிறேன். காரணம் எளிது. கெடாமல் காக்கும் பொருளை எடுத்தால் உணவு கெடும். அங்கே நன்மையையும் தீமையையும் எடைபோட வேண்டும். நிறமி அப்படி அல்ல. சத்து தருவதில்லை, ஆயுளைக் கூட்டுவதில்லை, கிருமியைத் தடுப்பதில்லை. தட்டின் ஒரு பக்கத்தில் பளிச்சென்ற நிறம் மட்டும் இருக்கும்போது, மறுபக்கத்தில் சில பிள்ளைகளின் கவனம் சிதறக்கூடும் என்ற சந்தேகம் இருந்தாலே போதும். அதுவும் பள்ளி உணவு என்பது பிள்ளை தேர்ந்தெடுப்பது அல்ல. தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கோடிப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். இலவசமாகச் சாப்பிடும் ஏழைப் பிள்ளைக்கு வேறு தட்டு கிடையாது.

## பகிரும் தின்பண்டத்துக்கு ஏன் தனி விதி?

மாநிலங்களின் நிறமிச் சட்டங்கள் வருவதற்கு வெகுமுன்பே இந்த விதிகள் வந்துவிட்டன. உள்ளூர் நலவாழ்வுக் கொள்கை ஒன்றைப் பள்ளி மாவட்டங்கள் எழுத வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சொன்னது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது. அதன்கீழ் இரண்டு ஏற்பாடுகள் வந்தன.

1. விற்கும் உணவு. 2014 ஜூலை முதல், பள்ளி நேரத்தில் விற்கும் நொறுக்குத்தீனி ஒரு பொட்டலத்துக்கு 200 கலோரிக்குள் இருக்க வேண்டும். சர்க்கரை, உப்பு, கொழுப்புக்கும் வரம்பு உண்டு. இது நாடு முழுவதும் ஒன்றுதான்.
2. விற்காமல் கொடுக்கும் உணவு. வகுப்புக் கொண்டாட்டம், பெற்றோர் கொண்டுவரும் பண்டம், ஆசிரியர் பரிசாகத் தரும் மிட்டாய். இதற்கும் ஒரு வரையறையை மாவட்டம் எழுதியே ஆக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதி சொன்னது. என்ன வரையறை என்பதை மாவட்டத்திடமே விட்டுவிட்டது.

இரண்டாவதை மாவட்டங்களிடம் விட்டதால்தான் ஒரு ஊரில் இருப்பது பக்கத்து ஊரில் இல்லை. ஒரு மாவட்டம் உணவே வேண்டாம், பென்சிலோ ஸ்டிக்கரோ கொடுங்கள் என்கிறது. இன்னொன்று கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத, உள்ளடக்கப் பட்டியல் அச்சிட்ட பண்டம் மட்டும் என்கிறது. வேறொன்று மாதத்தில் ஒரு நாள் எல்லாப் பிறந்தநாளையும் சேர்த்துக் கொண்டாடுகிறது.

இதில் சர்க்கரை ஒரு காரணம். 25 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆண்டுக்கு 25 கேக், பண்டிகைகள் தனி. ஆனால் "வீட்டில் செய்தது வேண்டாம்" என்ற கண்டிப்பான விதிக்கு முக்கியக் காரணம் ஒவ்வாமை. அமெரிக்கப் பிள்ளைகளில் 100க்கு ஆறு முதல் எட்டுப் பேருக்கு ஏதோ ஒரு உணவு ஒவ்வாமை உண்டு. வகுப்புக்கு ஒருவர், இருவர் என்று வைத்துக்கொள்ளலாம். கடுமையான ஒவ்வாமையில் சில நிமிடங்களுக்குள் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் விழும். உடனே எபிநெஃப்ரின் ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பால், முட்டை, மீன், ஓட்டுமீன் வகைகள், மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டையும் பொட்டலத்தில் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டுச் சட்டம். 2023 ஜனவரி 1 முதல் ஒன்பதாவதாக எள்ளும் சேர்ந்தது. தமிழ் வீடுகளுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. முறுக்கில் எள் இருக்கும். மிக்சரில் வேர்க்கடலை இருக்கும். கேசரியிலும் லட்டிலும் முந்திரி இருக்கும். நல்லெண்ணெய் என்பதே எள் எண்ணெய். வீட்டில் அன்போடு செய்த பலகாரத்தில் உள்ளடக்கப் பட்டியல் கிடையாது. அதே கரண்டியால் முன்னால் என்ன கிளறினோம் என்றும் ஆசிரியருக்குத் தெரியாது. பண்டத்தைத் திருப்பி அனுப்பும் பள்ளி நம் சமையலைக் குறைவாக நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருக்கும் ஒரு பிள்ளையை மனதில் வைத்து எழுதிய விதி அது.

எதிர்த்திசையில் போன மாநிலமும் உண்டு. பிறந்தநாளுக்குப் பெற்றோரோ தாத்தா பாட்டியோ விரும்பிய எதையும் வகுப்புக்குக் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்று டெக்சஸ் 2005இலேயே சட்டம் போட்டது. 2015இல் அம்மாநில வேளாண் ஆணையர் சிட் மில்லர், பதவியேற்றவுடன் கப்கேக்குக்கு "பொது மன்னிப்பு" வழங்குவதாக அறிவித்தார். அதே டெக்சஸ் 2025இல் பள்ளி மதிய உணவில் சில சேர்க்கைப் பொருள்களைத் தடுக்கும் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஆக, ஒரே கட்டடத்தில் கேன்டீன் தட்டுக்கு ஒரு சட்டம், வகுப்பறை மேசைக்கு இன்னொரு சட்டம். இரண்டு விதிகளும் தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நடைமுறைக் கேள்விகளுக்கு வருவோம்.

1. நிறமிச் சட்டம் வந்ததால் பிறந்தநாள் கேக் நின்றுபோகுமா? அந்தச் சட்டத்தால் நிற்காது. கேக்கை நிறுத்துவதோ அனுமதிப்பதோ உங்கள் மாவட்டத்தின் நலவாழ்வுக் கொள்கை. அது பொது ஆவணம், கேட்டு வாங்கிப் படிக்கலாம்.
2. பள்ளியில் நிதி திரட்ட விற்கும் தின்பண்டம்? கலிஃபோர்னியா, மேற்கு வர்ஜீனியா இரண்டிலும் விலக்கு உண்டு. பள்ளி வளாகத்துக்கு வெளியே விற்றாலோ, பள்ளி முடிந்து அரைமணி நேரம் கழித்து விற்றாலோ நிறமித் தடை பொருந்தாது.
3. கேசரிப் பவுடர் போட்ட கேசரியைப் பிள்ளைக்கு மதியத்துக்குக் கட்டிக்கொடுக்கலாமா? சட்டம் தடுக்காது. ஆனால் அந்தப் பவுடரில் பெரும்பாலும் இருப்பது டார்ட்ரசினும் சன்செட் யெல்லோவும், அதாவது யெல்லோ 5, யெல்லோ 6. குங்குமப்பூவோ ஒரு சிட்டிகை மஞ்சளோ போதும்.

## இந்தியச் செய்திகளோடு கலக்க வேண்டாம்

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அடுத்த மாதம் கர்நாடகம் கோபி மஞ்சூரியனிலும் பஞ்சுமிட்டாயிலும் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடுத்தது. பலர் இதையும் அமெரிக்கச் சட்டங்களையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். வேறுபாடு பெரியது. பஞ்சுமிட்டாயில் சிக்கியது ரோடமின் பி. துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம் அது. உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. அங்கே நடந்தது கலப்படம். அமெரிக்க மாநிலங்கள் தடுப்பதோ அரசு அனுமதியோடு, சான்றோடு விற்கும் நிறமிகளை.

இந்தியாவில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, எரித்ரோசின் உட்பட எட்டு செயற்கை நிறமிகளுக்குக் குறிப்பிட்ட சில உணவு வகைகளில் மட்டும் அனுமதி உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச அளவு பத்து லட்சத்தில் 100 பங்கு. பள்ளிகளுக்கென்று 2020இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை பார்ப்பது நிறத்தை அல்ல. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது. பொட்டாசியம் புரோமேட்டை இந்தியா 2016இலேயே ரொட்டியிலிருந்து விலக்கிவிட்டது. கலிஃபோர்னியாவில் அது 2027இல்தான் நடைமுறைக்கு வருகிறது.

## நிறம் போனால் என்ன மிச்சம்?

செயற்கை நிறம் போன இடத்தில் பீட்ரூட், மஞ்சள், ஸ்பைருலினா பாசி, மிளகாய்ச் சாறு வருகின்றன. நம் வேலியோரச் சங்குப்பூவின் சாற்றை எஃப்.டி.ஏ. 2021இல் நிறமியாக ஏற்று, 2025 மே மாதம் மேலும் பல பண்டங்களுக்கு அனுமதித்தது. ஆனால் இவை வெயிலிலும் சூட்டிலும் வெளிறும். புளிப்புப் பட்டால் சில நிறம் மாறும். அளவும் அதிகம் வேண்டும், விலையும் கூடும். இலவச மதிய உணவு ஒன்றுக்கு மத்திய அரசு பள்ளிக்குத் தருவது சுமார் நாலரை டாலர். உணவு, ஆள், எரிபொருள் எல்லாம் அதற்குள். கூடுதல் செலவைச் சட்டம் இயற்றியவர்கள் ஏற்காவிட்டால், அது பிள்ளையின் தட்டிலிருந்து பழத்தையோ காயையோ குறைத்துத்தான் ஈடாகும்.

இன்னொரு ஆபத்து, நிறம் மாறியதும் பண்டமே நல்லதாகிவிட்டது என்ற எண்ணம். பீட்ரூட் நிறம் ஏற்றிய சர்க்கரைத் தானியமும் சர்க்கரைத் தானியம்தான். நிறமிச் சட்டங்களில் சர்க்கரை பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத் தொட்டது வேறொரு மத்திய விதி: 2025 ஜூலை 1 முதல் பள்ளியில் தரும் காலைத் தானியத்தில் சேர்த்த சர்க்கரை அவுன்ஸுக்கு 6 கிராமுக்குள், ஆறு அவுன்ஸ் தயிரில் 12 கிராமுக்குள், எட்டு அவுன்ஸ் சுவையூட்டிய பாலில் 10 கிராமுக்குள். பிள்ளைகளின் பல்லுக்கும் எடைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் நிறமித் தடையைவிட இந்த விதியால் பலன் அதிகம் என்றே நம்புகிறேன். இது மத்திய விதி என்பதால் எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும். இருந்தும் செய்திகளில் கால்வாசி இடம்கூட இதற்குக் கிடைக்கவில்லை.

கலிஃபோர்னியா அடுத்த படியையும் எடுத்துவிட்டது. 2025 அக்டோபரில் கையெழுத்தான சட்டம், தனித்தனிப் பொருளாகத் தடுப்பதை விட்டு, தீங்கு தரக்கூடிய 'மிகையாகப் பதப்படுத்திய உணவு' என்ற வகையையே பள்ளியிலிருந்து வெளியேற்றப் பார்க்கிறது. எவை அந்த வகை என்று மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை 2028 ஜூனுக்குள் வரையறுக்க வேண்டும். 2029இல் விலக்கல் தொடங்கும். 2035இல் பள்ளிகளில் விற்பனை முழுவதுமாக நிற்க வேண்டும். நிறமிச் சட்டங்களில் ஆறு, ஏழு என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. இங்கே எல்லைக்கோடு எங்கே விழும் என்பதுதான் அடுத்த சில ஆண்டுகளின் சண்டையாக இருக்கும். பள்ளி ரொட்டி எந்தப் பக்கம், பொட்டலத் தயிர் எந்தப் பக்கம் என்பது அந்த வரையறையில்தான் தெரியும். துறை தன் வரைவை வெளியிடும்போது நாம் படிக்க வேண்டியது தலைப்பை அல்ல, அந்தப் பட்டியலை.